மசக்கையா? கோதுமையா?

தமிழ் சினிமாவில் இந்தக் காட்சி எத்தனை படத்தில் வந்திருக்கும் என்று எண்ணவே முடியாது. கதாநாயகி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள், அல்லது குடத்தோடு மயங்கி விழுவாள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் டாக்டரோ நாடி பிடித்துப் பார்ப்பார். இரண்டே விநாடி! முகமெல்லாம் சிரிப்பு. "முழுகாம இருக்கா" என்றதும் மாமியார் சர்க்கரை டப்பாவைத் தேட ஆரம்பித்துவிடுவார். நாடியைப் பிடித்து எப்படி ஐயா கர்ப்பத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று எந்தப் படத்திலும் யாரும் கேட்டதில்லை. வாந்தி, தலைசுற்றல், சோர்வு, நாள் தள்ளிப் போயிருக்கிறது... இதெல்லாம் சேர்ந்தால் வேறு என்னவாக இருக்க முடியும்?

வேறு சிலவாகவும் இருக்க முடியும் என்பதுதான் விஷயம். அதில் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அதற்குக் காரணமே இதுதான். சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தைக் கண்டதும் எதிரியைக் கண்டது போல் கிளர்ந்து எழுந்து, தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக இருக்கிற நுண்ணிய விரல் போன்ற முளைகள் மழுங்கிப் போகும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து குறையும், ஃபோலிக் அமிலம் குறையும், ரத்தசோகை வரும். வயிறு உப்பும். குமட்டும். எப்போதும் அசதி. பெண்களுக்குச் சில சமயம் மாதவிலக்கே நின்றுபோகும்.

இந்தப் பட்டியலை மசக்கைப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குமட்டல், அசதி, உப்புசம், நாள் தள்ளுவது. அப்படியே இருக்கிறது! அப்படியென்றால் இந்த இரண்டையும் மனிதர்கள் எப்போதிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டார்கள்? ரொம்ப சமீபத்தில்தான். அதற்கு முன்னால் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

*

முதலில் எகிப்து. பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பழைய எகிப்திய மருத்துவப் பாப்பிரஸ் சுருள் கி.மு. 1300ஐ ஒட்டிய காலத்தது. அதில் கர்ப்பம் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்லியிருக்கிறது. கோதுமையையும் பார்லியையும் தனித்தனிப் பையில் போட்டு, அந்தப் பெண் தினமும் அவற்றின் மேல் சிறுநீர் விட வேண்டும். முளைத்தால் குழந்தை உண்டு. எது முளைக்கிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாமாம். இரண்டுமே முளைக்கவில்லை என்றால் கர்ப்பம் இல்லை.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1963ல் கெய்ரோவில் பால் கலியூங்கியும் அவருடைய கூட்டாளிகளும் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீர் மாதிரிகள் 40 எடுத்ததில் 28ல் தானியம் முளைத்தது. ஆண்களின் சிறுநீரிலும் கர்ப்பமில்லாத பெண்களின் சிறுநீரிலும் முளைக்கவில்லை. ஆக, முளைத்தால் நம்பலாம், முளைக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆண் பெண் கணிப்பு மட்டும் சுத்தமாகத் தேறவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு முறைக்கு இந்த மதிப்பெண் மோசமே இல்லை. அதற்குப் பிறகு வந்த பல முறைகள் இந்த அளவு கூட எடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தப் பைகளில் இருந்தவை என்ன? கோதுமை, பார்லி. சீலியாக் நோயாளிக்கு ஆகவே ஆகாத தானியங்கள்! ஒரு பெண்ணின் குமட்டலுக்குக் காரணம் குழந்தையா என்று கேட்க எகிப்தியர்கள் கோதுமையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியே குற்றவாளியாகவும் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்ற வழியில்லை.

கிரேக்க மருத்துவர் அரெத்தேயஸ் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தார். கப்படோசியாக்காரரான இவர் கி.பி. முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறி, உடம்பு வற்றிப் போகிற நீண்டகால வயிற்று நோய் ஒன்றை அவர் எழுதி வைத்தார். வயிறு என்பதற்கான கிரேக்கச் சொல்லான 'கொய்லியா'விலிருந்து பிறந்ததுதான் சீலியாக் என்ற பெயர். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதாகவும் அவர் குறித்திருக்கிறார். இந்த ஒரு வரியைப் பின்னால் வந்தவர்கள் கவனித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1856ல் பிரான்சிஸ் ஆடம்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்வரை அதைப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு.

நடுவில் ஐரோப்பாவில் சிறுநீர் ஜோசியம்தான் கொடிகட்டிப் பறந்தது. சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நிறம், நுரை, வண்டல் எல்லாவற்றையும் வைத்துப் பலன் சொன்னார்கள். இந்த ஆசாமிகளைக் கிழித்துத் தொங்கவிட்டு தாமஸ் பிரையன் என்பவர் 1637ல் லண்டனில் ஒரு புத்தகமே போட்டார். அப்படியும் தொழில் படுக்கவில்லை. வாடிக்கையாளருக்குத் தேவை இருக்கும்வரை எந்தத் தொழில் படுத்திருக்கிறது!

ராஜ வம்சத்துக்கும் இதே கதிதான். இங்கிலாந்து ராணி முதலாம் மேரி 1554ல் ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணந்தார். மாதவிலக்கு நின்றது, வயிறு பெருத்தது, 1555 ஏப்ரலில் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் போய்ப் படுத்தார். ஏப்ரல் 30 அன்று ஆண் குழந்தை பிறந்துவிட்டது என்ற வதந்தியில் லண்டனில் மணியெல்லாம் அடித்துவிட்டார்கள். மே போனது, ஜூன் போனது, ஜூலையும் போனது. குழந்தை வரவில்லை. ஆகஸ்டில் ராணி சத்தமில்லாமல் வேறு அரண்மனைக்குக் கிளம்பிவிட்டார். என்ன நோய் என்பது பற்றி இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு நாட்டின் மருத்துவர்கள் மொத்தப் பேரும் சேர்ந்தாலும் வயிற்றில் இருப்பது குழந்தையா இல்லையா என்று சொல்ல முடியாத காலம் அது.

*

மேரியை எல்லோரும் நம்பினார்கள், குழந்தை இல்லை. இதற்கு நேர் எதிராக, குழந்தை இல்லை என்று சொன்ன பெண்ணை யாரும் நம்பாத கதை ஒன்று உண்டு. அதில் இருந்தது சீலியாக் அல்ல, ஈரல் நோய். ஆனால் வயிற்று நோயைக் கர்ப்பம் என்று எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

லேடி ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ். விக்டோரியா மகாராணியின் தாயார் கென்ட் கோமகளின் அந்தரங்கத் தோழி. கல்யாணம் ஆகாதவர், வயது முப்பதைத் தாண்டியவர். 1839 ஜனவரியில் ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் அரண்மனைக்குத் திரும்பினார். வயிற்று வலி, குமட்டல், வயிற்றில் வீக்கம். ஜனவரி 10 அன்று அரண்மனை மருத்துவர் சர் ஜேம்ஸ் கிளார்க்கிடம் காட்டினார். கிளார்க் உடைக்கு மேலேயே தொட்டுப் பார்த்து ஏதோ மருந்து கொடுத்தார்.

வயிறு மட்டும் குறையவில்லை. அரண்மனைப் பெண்கள் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். ஃப்ளோரா ஊரிலிருந்து வரும்போது கோமகளின் காரியதரிசி சர் ஜான் கான்ராயோடு ஒரே வண்டியில் வந்தது எல்லோருக்கும் தெரியும். விக்டோரியாவுக்கு அப்போது வயது 19. தாயாரோடு பேச்சுவார்த்தை சரியில்லை, கான்ராயைக் கண்டாலே பிடிக்காது. பிடிக்காத இருவரை ஒரே அடியில் வீழ்த்த ஒரு வதந்தி கையில் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஃப்ளோரா கர்ப்பமாக இருக்கிறார், காரணம் கான்ராய் என்று பிப்ரவரி தொடக்கத்தில் ராணி தன் நாட்குறிப்பிலேயே எழுதிவிட்டார்.

கிளார்க் ஃப்ளோராவிடம் போய், ரகசியமாகக் கல்யாணம் ஏதும் ஆகியிருக்கிறதா என்கிற தோரணையில் கேட்டார். இல்லை என்றார் ஃப்ளோரா. நம்பவில்லை. உடல் பரிசோதனைக்குச் சம்மதித்தால் ஒழிய ராணியின் முன்னால் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. பிப்ரவரி 17 அன்று, வேறு வழியில்லாமல், கிளார்க்கும் சர் சார்லஸ் கிளார்க் என்ற இன்னொரு மருத்துவரும் (பெயர் ஒன்று போல் இருந்தாலும் உறவில்லை) பரிசோதித்தார்கள். கர்ப்பம் இருக்கிறது, அல்லது எப்போதாவது இருந்தது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. கன்னித்தன்மை இருந்தும் கர்ப்பம் தரித்த சம்பவங்கள் உண்டு என்று பிரதமர் மெல்போர்ன் மூலமாக மறுபடி முணுமுணுப்பு. ஃப்ளோராவின் குடும்பம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்குப் போனது. கடிதங்கள் அச்சில் வந்தன. அஸ்காட் குதிரைப் பந்தய மைதானத்தில் ராணியைப் பார்த்துக் கூட்டத்திலிருந்து சீறல் ஒலி கிளம்பியது. 1839 ஜூலை 5 அன்று ஃப்ளோரா பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே இறந்து போனார். உடலை அறுத்துப் பார்த்தபோது ஈரல் மிகப் பெரிதாக வீங்கியிருந்தது தெரிந்தது. சர் ஜேம்ஸ் கிளார்க்கின் உத்தியோகத்துக்கு மட்டும் ஒரு ஆபத்தும் வரவில்லை.

கிளார்க்குக்குக் கருவி கிடையாது, பாவம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஸ்டெதஸ்கோப் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அதைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால் சிசுவின் இதயத் துடிப்பு கேட்கும் என்று 1821லேயே பிரான்சில் கெர்கரடெக் அறிவித்திருந்தார். 1837ல் டப்ளின் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமெரி கர்ப்பக் குறிகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருந்தார். கர்ப்பக் குறிகளில் நிச்சயமானவை வேறு, வெறும் அனுமானத்துக்கு உரியவை வேறு என்று மருத்துவம் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. குமட்டல், சோர்வு, நாள் தள்ளுதல், வயிறு பெருத்தல் எல்லாமே அனுமானக் கணக்கில்தான் வரும். ஏன்? வேறு நோய்களும் அதே குறிகளைக் காட்டும் என்பதால்தான். புத்தகம் இருந்தது, கருவி இருந்தது. அரண்மனையில் கிசுகிசு அதைவிட வேகமாக ஓடியது, அவ்வளவுதான்.

*

இனி சீலியாக் பக்கம். 1887ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். அடுத்த வருஷம் அது அச்சில் வந்தது. இந்த நோய் தீர வழி உண்டு என்றால் அது உணவில்தான் இருக்கிறது என்று அவர் சரியாகவே கணித்தார். எந்த உணவு என்பதில்தான் கோட்டை விட்டார். ஒரு குழந்தைக்குத் தினமும் ஹாலந்து சிப்பி கொடுத்ததில் நன்றாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் பழையபடி படுத்துவிட்டது. அடுத்த வருஷம் சிப்பி வந்தபோது குழந்தை வாயைத் திறக்கவே மறுத்துவிட்டதாம்! தினமும் அதையே தின்றால் யாருக்குத்தான் வெறுக்காது. 1924ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். பழத்தைக் கொடுத்து ரொட்டியை விலக்கச் சொன்னார். குழந்தைகள் பிழைத்தன. பெயரை வாழைப்பழம் தட்டிக்கொண்டு போனது. நிஜத்தில் வேலை செய்தது ரொட்டி இல்லாமல் போனதுதான்.

உண்மையைப் பிடித்தவர் ஹாலந்தின் தி ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் விழுந்திருந்தது. பிறகு வந்தது 1944-45 பஞ்சக் குளிர்காலம். நாஜிகள் உணவுப் போக்குவரத்தை நிறுத்தியதில் மேற்கு ஹாலந்து பட்டினியில் கிடந்தது. ஜனங்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரே மெலிந்து சாக, டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பக் கிடைத்ததும் அதே குழந்தைகள் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வுக்கு அவர் முனைவர் பட்டம் பெற்றார். வேன் டி காமர், வெயர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, கோதுமையின் மாவுச்சத்து அல்ல, குளூட்டன்தான் காரணம் என்று நிரூபித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீ, ஹாஸ், டிக்கே மூவரும் குழந்தை மருத்துவர்கள். அதனால் சீலியாக் என்றாலே வயிறு உப்பி, கைகால் சூம்பிய சிறு குழந்தை என்றுதான் மருத்துவர்கள் மனசில் படம் பதிந்து போனது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி குமட்டல், சோர்வு என்று வந்தால் சீலியாக் ஞாபகத்துக்கே வராது. 1954ல் இங்கிலாந்தில் பாலி என்பவர் அறுவை சிகிச்சையின்போது எடுத்த குடல் துண்டில் முளைகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். 1956ல் மார்கோ ஷைனர், வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்கும் இதே நோய்தான் என்பது உறுதியானது. 1970ல் லான்செட் இதழில் மூன்று மருத்துவர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். குழந்தை இல்லாமல் இருந்த சீலியாக் பெண்கள் கோதுமையை விட்டதும் கருத்தரித்தார்கள் என்பதுதான் செய்தி. அதாவது, நாள் தள்ளிப்போகிறது, ஆனால் குழந்தை இல்லை என்று மாதா மாதம் ஏமாந்து, மலடி என்ற பேச்சையும் வாங்கிக்கொண்ட பெண்களில் சிலருக்குக் காரணம் காலை டிபன் தட்டிலேயே இருந்திருக்கிறது.

*

இதே காலத்தில் கர்ப்பப் பரிசோதனையும் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1927-28ல் பெர்லினில் ஆஷைம், சோண்டெக் இருவரும் கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இருப்பதைக் கண்டு, பருவமடையாத சுண்டெலிகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து எலியைக் கொன்று சினைப்பையைப் பார்த்தால் விடை தெரியும். எலிக்குப் பதில் முயல் வந்தது. பிறகு ஆப்பிரிக்காவின் நகத் தவளை வந்தது. தவளைக்கு ஊசி போட்டால் அடுத்த நாளுக்குள் முட்டையிடும், கொல்ல வேண்டாம், மறுபடி பயன்படுத்தலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தவளைதான் லாபம்! 1960ல் சுவீடனில் லெய்ஃப் வீடும் கார்ல் கெம்செலும் பிராணியே வேண்டாத எதிர்ப்பொருள் முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அதுவரை விடை முதலில் போனது டாக்டருக்கு. அந்தப் பெண்ணுக்குப் பிறகுதான். இதை மாற்றியவர் மருத்துவரே அல்ல. மார்கரெட் கிரேன் என்ற 26 வயது வடிவமைப்பாளர், 1967ல் அமெரிக்காவில் ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொருள்களுக்கு அட்டைப்பெட்டி வரைந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் கண்ணாடிமேல் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். கர்ப்பப் பரிசோதனை என்றார்கள். இவ்வளவுதானா, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றியது. பேப்பர் கிளிப் வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மாதிரி செய்தார். டாக்டர்களின் வியாபாரம் போய்விடும் என்று முதலில் நிறுவனத்தில் எதிர்ப்பு. பிறகு ஒத்துக்கொண்டு காப்புரிமை வாங்கினார்கள். உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்ததற்கு கிரேனுக்குப் பேசப்பட்ட விலை ஒரு டாலர். அந்த ஒரு டாலரும் கைக்கு வரவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். 2015ல் அவர் செய்த அந்த மாதிரியை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஏலத்தில் 11,875 டாலர் கொடுத்து வாங்கியது. வீட்டுப் பரிசோதனை 1971ல் கனடாவிலும், சில வருஷம் கழித்து அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. 1972ல் வைடுகைடிஸ் குழுவினர் கர்ப்ப ஹார்மோனை மட்டும் துல்லியமாகப் பிரித்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

சீலியாக்குக்கு அப்படி எளிதான ரத்தப் பரிசோதனை வர 1997ஐத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் ஜெர்மனியில் டீட்ரிக், ஷுப்பான் குழுவினர் இந்த நோயில் உடம்பு எதைத் தாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. அதற்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

*

இத்தனை கருவி வந்த பிறகு இன்று இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

குறிகளை வைத்துக் கொஞ்ச தூரம் போகலாம். மசக்கைக் குமட்டல் பொதுவாக ஆறாவது வாரத்தை ஒட்டி ஆரம்பித்து, நாலாவது மாதத்தில் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். (இந்தக் குமட்டலுக்கு ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் முக்கியக் காரணம் என்று 2023ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதுவரை காரணமே சரியாகத் தெரியாமல்தான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.) சீலியாக் குமட்டலுக்குக் காலண்டர் கிடையாது, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும். தொடர்ந்து பேதி, நாற்றமெடுத்து மிதக்கும் மலம், எடை இறங்குவது, இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் ஏறாத ரத்தம், முழங்கை முழங்காலில் அரிக்கும் கொப்புளங்கள்... இவை மசக்கையின் வழக்கம் அல்ல. மார்பு கனத்து வலிப்பதும் வாசனை பிடிக்காமல் போவதும் மசக்கைப் பக்கம் சாயும். உப்புசமும் மலச்சிக்கலும் சாட்சிக்கே உதவாது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரான் குடலை மந்தமாக்குவதால் இவை வரும், சீலியாக்கிலும் வரும்.

ஆனால் இறுதித் தீர்ப்பு குறிகளிடம் இல்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. நாள் தள்ளிய பிறகு காலைச் சிறுநீரில் பார்த்தால் நம்பகமான விடை கிடைக்கும். இல்லை என்று வந்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். சீலியாக் இருப்பதால் இந்தச் சோதனை ஏமாறாது. இரண்டு தடவையும் இல்லை என்று வந்து, குமட்டலும் சோர்வும் போகவில்லை, மாதவிலக்கும் வரவில்லை என்றால், "டென்ஷனா இருக்கும்மா" என்பதோடு நிறுத்தாமல் ரத்தசோகைக்கும் சீலியாக்குக்கும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எங்கேயோ படித்துவிட்டு, பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருளின் அளவு இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று விடை வரும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். இந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஏ என்ற வகை. அந்த வகையே உடம்பில் குறைவாக உள்ளவர்களுக்கும் விடை தப்பாக வரும் என்பதால் அதையும் சேர்த்து அளப்பது வழக்கம்.

இன்னொன்று. இது 'ஆம் அல்லது இல்லை' கணக்கே அல்ல. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்கலாம். அதுவரை பதுங்கியிருந்த சீலியாக் கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ முதல் தடவையாகத் தலை காட்டுவது உண்டு. அப்போது எல்லாவற்றையும் மசக்கை மேல் போட்டுவிடுவது ரொம்ப சுலபம். கண்டுபிடிக்கப்படாத சீலியாக் உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாகக் காணப்படுகின்றன, உணவை மாற்றினால் அந்த ஆபத்து குறைகிறது.

நம் பக்கம் இது அதிகம் பேசப்படாததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1928ல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பஞ்சாலைப் பெண்களின் கர்ப்ப கால ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். அந்தச் சாறில் இருந்த சரக்குதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணி கையிலும் இருக்கிற மாத்திரை அது. 1960களில் வேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஸ்புரூ என்ற வயிற்று நோய் கொள்ளை நோயாகவே பரவியது. சி.எம்.சி. மருத்துவமனையில் பேக்கர், மாத்தன் முதலானோர் அதை ஆராய்ந்தார்கள். அதிலும் குடல் முளைகள் மழுங்கும், சத்து ஒட்டாது. ஆனால் கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் தெற்கே இந்த மாதிரிக் குறி கண்டால் ஸ்புரூ, சீலியாக் எல்லாம் பஞ்சாப்காரர்கள் வியாதி என்ற எண்ணம் ஊறிப் போனது.

2016ல் இதற்கு ஒரு கணக்கு வந்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. அப்படியானால் தெற்கத்தியாருக்கு ரத்தத்திலேயே பாதுகாப்பு இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிதாக வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை. வடக்கே ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாகச் சாப்பிட்டது 455 கிராம். தெற்கே 25 கிராம்.